நல்ல தண்ணீர்ச் சீமாட்டி

மொட்டை மாடிக்கு ஏறியதும் அவர் முதலில் சூரியன் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். பிறகு, கண் கூசினாலும் பரவாயில்லை என்று அதற்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு, பூனை மாதிரி அடிமேல் அடி வைத்துத் தண்ணீர்த் தொட்டியை நெருங்குவார். அவர் நிழல் தண்ணீரில் விழக் கூடாது. விழுந்தால் மேலே கிடக்கும் கொசுப் புழுக்கள் அத்தனையும் சட்டென்று அடிக்குப் போய்விடும். மொண்டால் வெறும் தண்ணீர்தான் வரும். இருபத்தாறு வருடப் பழக்கம். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் உட்காருவார். "எங்கப்பா தட்டுல நிழல் விழுந்தா சாப்பாடு ஓடிப்போயிடும்" என்று மகள் கிண்டல் செய்வாள்.

நகராட்சியில் கொசு ஒழிப்பு வேலை. தெருவில் அவருக்குத் தொட்டி சார் என்று பெயர். காக்கிச் சட்டை, தோளில் ஒரு பை; பைக்குள் நீளக் கைப்பிடி வைத்த வெள்ளை அகப்பை, டார்ச் லைட், இரண்டு கண்ணாடிக் குப்பி. மாடி மாடியாக ஏறிப் பிழைக்கிற மனிதருக்கு ஏணி என்றால் உள்ளூர நடுக்கம். அதனால் ஏறும்போது ஓயாமல் பேசுவார். கேட்க ஆள் இல்லாவிட்டால் கொசுவிடம் பேசுவார்.

அந்தக் கொசுவுக்கு அவர் வைத்த பெயர் சீமாட்டி. "கடிக்கிறது பொம்பளக் கொசுதானே? அதுலயும் இவ கப்பல்ல வந்து இறங்கினவ. சாக்கடைப் பக்கமே போகமாட்டா. நாம குடிக்கிற தண்ணிதான் வேணும், அதுவும் மாடி வீட்ல." அகப்பையில் மொண்ட தண்ணீரைக் காட்டுவார். "சாக்கடைக் கொசுவோட புழு தலைகீழாத் தொங்கும். இவ புள்ளைங்க பாய் விரிச்சுப் படுத்த மாதிரி தண்ணி மேல நீட்டிக் கிடக்கும்."

முன்பெல்லாம் மலேரியா என்றால் காட்டோரம், வயலோரம், அதுவும் மழைக்காலத்தில். நகரத்துக்குக் கவலை இல்லை. சீமாட்டி வந்தபின் வெயில் காலம், குளிர் காலம் என்று பேதமில்லை. குழாயில் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு முறை வருகிறது. முட்டை இறக்கை முளைத்துப் பறக்க ஒன்பது நாள் போதும். குழாயும் சீமாட்டியும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது போல இருக்கிறது. தொட்டியில் மருந்து ஊற்றலாம் என்றால், குடிக்கிற தண்ணீரில் விஷமா என்று சண்டைக்கு வருகிறார்கள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பல வருடம் இதே தெருக்களில் நின்று, "சாக்கடையைச் சுத்தமா வச்சுக்குங்க, நல்ல தண்ணியில ஒண்ணும் வராது, தாராளமாப் பிடிச்சு வைங்க" என்று தொண்டை கிழியக் கத்தியவர் அவரேதான். அலுவலகப் படிவத்தில் குடிநீர்த் தொட்டிக்குக் கட்டமே கிடையாது. எட்டு வருடத்துக்கு முன் துறைமுகத்துப் பக்கத் தொட்டி ஒன்றில், படுத்துக் கிடந்த புழுக்களைப் பார்த்துக் குப்பியில் எடுத்துப் போனார். அதிகாரி சுவரில் மாட்டியிருந்த கொசு வகைகளின் படத்தைப் பார்த்தார். "இதுல இல்லையே, கொட்டிட்டு வாய்யா" என்றார். கொட்டிவிட்டு வந்தார். "அன்னிக்கே நான் கத்தியிருக்கணும்" என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

போன வருடம் மகளுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. வயிற்றில் ஐந்து மாதம். காய்ச்சல் விட்டது, குழந்தை தங்கவில்லை. இப்போது மறுபடியும் ஏழு மாதம். மகள் வீட்டுத் தொட்டிக்கு அவரே இறுக்கமான மூடி போட்டார். தண்ணீர் வழியும் குழாயின் வாயில் வலை கட்டினார். கட்டிலுக்குக் கொசுவலை வாங்கிக் கொடுத்தார். ஆனால் சீமாட்டி தூங்குகிற நேரம்வரை காத்திருப்பவள் இல்லை. பொழுது சாயும்போதே வந்துவிடுவாள். அதுவும் பக்கத்து வீட்டுத் தொட்டியிலிருந்து வந்தால் நம் மூடியும் வலையும் என்ன செய்யும்?

குழாயில் தண்ணீர் வந்த எட்டாம் நாளன்று, மகளுக்குப் பக்கத்து வீட்டு அம்மாளின் மாடியில் இருந்த டிரம்மில் மொண்டு பார்த்தார். கூட்டுப்புழுக்கள், கமா போட்டது போல வளைந்து, துள்ளிக்கொண்டு இருந்தன. நாளைக்குப் பறக்கும்.

"கொட்டிடும்மா" என்றார்.

"கொட்டிட்டு? குழாய் வர இன்னும் ரெண்டு நாள் இருக்கு. என் புள்ளைங்க எதைக் குடிக்கும்? நீங்கதானே சார் சொன்னீங்க, நல்ல தண்ணியில ஒண்ணும் வராதுன்னு?"

"சொன்னேன்மா. தப்பாச் சொல்லிட்டேன்."

"இப்ப சொல்றது மட்டும் சரின்னு எப்படி நம்புறது?"

சட்டப்படி டிரம்மைக் கவிழ்க்கலாம். அதற்கு அவருக்கு மனசு வரவில்லை. ஒரு பழைய துணியைக் கேட்டு வாங்கி, ஒரு முனையை அந்த அம்மாள் பிடிக்க, குடம் குடமாக வடிகட்டினார். முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. துணியை வெயிலில் உதறினார். பிறகு கைப்பிடிச் சுவரருகே போய்த் தெருவைப் பார்த்தார். மாடிக்கு மாடி கறுப்புத் தொட்டி. நாற்பதை எண்ணியதும் நிறுத்திக்கொண்டார்.

"விடிஞ்சா எல்லாம் பறந்துடும்" என்றார். "என்னால ஆகிற காரியமில்லை இது."

அன்று மாலை மகள் வீட்டுக்குப் போனார். மின்சாரம் போயிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே அடுப்புக்குள் இருப்பது போல வெந்தது. மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசல்படிக்கு வந்து உட்கார்ந்தாள்.

"உள்ள போம்மா. இதுதான் அவ வர்ற நேரம்."

"மூச்சு முட்டுதுப்பா. கொஞ்ச நேரம் காத்தாட இருக்கேன். என்னை விடுங்க."

புடவைத் தலைப்பால் அவள் கையையும் காலையும் மூடிவிட்டார். அது போதாது என்று அவருக்குத் தெரியும். சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பனியனையும் கழற்றினார். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, அவளுக்குக் கீழ்ப்படியில், அவளை மறைத்தாற்போல உட்கார்ந்தார்.

"என்னப்பா, தெருவுல இப்படி?"

"புழுக்கமா இருக்கும்மா."

கொஞ்ச நேரத்தில் முன்கையில் ஒன்று வந்து இறங்கியது. வாலைத் தூக்கி, தலையைத் தாழ்த்திக் குத்தியது. அசைந்தால் எழுந்து மகளிடம் போய்விடும். அவர் அசையாமல் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.