முல்லைத்தீவுக் கடற்கரையும் என் ஓட்டோவும்

கடற்கரை ஊரிலே ஓட்டோ ஓட்டுபவன் பெற்றோலோடு கொஞ்சம் பூமிசாத்திரமும் கொஞ்சம் சரித்திரமும் நிரப்பி வைத்திருக்க வேண்டும். முல்லைத்தீவு பஸ் நிலையத்தில் பதினொரு வருடமாக நிற்கிறேன். வெளியூர் விருந்தாளிக்கு ஒரு நாளாவது ஊர் காட்டியவர்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும்.

தீவு எங்கே?

கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஏறியதும் தகப்பன் கேட்டார், "தீவுக்குப் போட் எத்தனை மணிக்கு?" பேர்தான் தீவு, போக ஒரு தீவும் இல்லை என்றேன். நான் ஏமாற்றுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, முகம் சுருங்கிவிட்டது.

கடற்கரையில் இறக்கி, மணலிலே விரலால் கீறிக் காட்டினேன். கிழக்கே பெருங்கடல், மேற்கே நந்திக்கடல் என்ற உப்புநீர்க் களப்பு, நடுவிலே நாடா மாதிரி எங்கள் ஊர். மாரியில் களப்பு நிரம்பி வீதியை மூடினால் வெளியே போக வழி தேட வேண்டும். பத்து வயது மகள் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப மாரிக்கு மட்டும் தீவு எண்டு கொப்பியில எழுதட்டா மாமா?"

சத்தமில்லாத கடல்

வாடைக்காற்று தொடங்கியிருந்த ஒரு காலை. வவுனியாவிலிருந்து நாலு இளைஞர்கள் குளிக்க வந்தார்கள். அன்றைக்கு அலை சிறிதுதான். ஆனாலும் இறங்க வேண்டாம் என்றேன். "நீங்கள் கடல்காரரோ அண்ணை?" என்று ஒருவன் கேட்டான். என் தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து முத்தையன்கட்டில் வயல் செய்தவர்கள். நான் கடலைக் கண்டதே பன்னிரண்டு வயதில்.

அவன் சேட்டைக் கழற்றினான். பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த யோசேப்பு அண்ணை எழும்பி வந்து, ஒரு தேங்காய் மட்டையை எடுத்து அலைக்கு அப்பால் எறிந்தார். மட்டை கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே ஆடியது. பிறகு யாரோ கயிறு கட்டி இழுத்தது போலத் தெற்கே ஓடி, ஆழக்கடல் பக்கம் திரும்பி, கண்ணுக்கு மறைந்தே போனது. அவன் சேட்டைத் திரும்பப் போட்டான். யோசேப்பு அண்ணை வலைக்குத் திரும்பிப் போகும்போது சொன்னார்: "இழுக்கிற கடல் சத்தம் போடாது தம்பி."

வட்டுவாகல் பாலம்

இந்தப் பாலத்திலே நான் யாருக்கும் சரித்திரம் சொல்வதில்லை. போரின் கடைசி நாட்களில் தங்கச்சியை நாங்கள் கடைசியாகக் கண்டது இதன் அந்தப் பக்கத்தில்.

தெற்கிலிருந்து தனியாக வந்த ஒரு சிங்களத் தாய் பாலத்தில் நிறுத்தச் சொன்னா. மகன் ஆமியில் இருந்தவன், இங்கேதான் போனான் என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டு, பையிலிருந்த தாமரைப் பூக்களை ஒவ்வொன்றாய்த் தண்ணீரில் விட்டா. நான் இறங்காமல் ஹாண்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. மிச்சமிருந்த ஒரு பூவை என் கையில் வைத்துக் கேட்டா: "உங்க ஆளும் இங்கயா?"

கிணற்றடி

கனடாவிலிருந்து வந்த ஒருவர் தான் பிறந்த வீட்டைத் தேடினார். வீட்டைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. அதற்கு முன்பே அவர் ஊரை விட்டுப் போனவர். மாதா கோயில் வாசலிலிருந்து கடலைப் பார்த்து நேரே நடந்தால் கிணறு வரும் என்று கனடாவில் படுக்கையில் இருக்கும் தாய் சொல்லி அனுப்பியிருந்தாவாம். நடந்தோம். கிணறு இருந்தது. பக்கத்தில் வேறொருவருடைய சின்னத் தகரக் கூரை வீடும் இருந்தது.

கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், அவர் கையிலிருந்த காணி உறுதிப் பத்திரத்தைக் கண்டதும் நிமிர்ந்தா. "காணிக்கோ வந்தனீங்கள்? எங்களுக்கு வேற போக்கிடம் இல்லை ஐயா."

அவர் வீட்டைப் பார்த்தார், கொடியில் காய்ந்த பள்ளிக்கூடச் சட்டைகளைப் பார்த்தார். அவர் உறுதியை மடித்துப் பொக்கற்றில் வைத்தார். வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளி, கையில் ஏந்திக் குடித்தார். "இல்லையக்கா. கிணத்துத் தண்ணி இப்பவும் நல்லதோ எண்டு அம்மா பாத்து வரச் சொன்னவா."

சாரதி அனுமதிப்பத்திரம் தந்தவர்கள் எங்கே ஹோர்ன் அடிக்கக் கூடாது என்று மட்டும்தான் சொல்லித் தந்தார்கள். எங்கே வாயைத் திறக்கக் கூடாது என்பதை, ஓட்டோவில் ஏறிய சனம்தான் பழக்கிவிட்டது.