சேசுராஜை அழைத்துவர ஏலப்பாறைக்குப் போனேன்

ஏலப்பாறைக்கு எப்படிப் போவது என்று வாசகர்கள் இருவர் கேட்டிருந்தீர்கள். நான் முதலில் போனது 1972 டிசம்பரில், சுற்றிப் பார்க்க அல்ல. பதினெட்டு வருடம் காலாட்படையில் இருந்த என்னை, போர் முடிந்த மறுவருடம், காயம்பட்ட சிப்பாய்களைக் கவனிக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அப்போது நான் சுபேதார். துப்பாக்கி பிடித்த கையில் ஆஸ்பத்திரிப் பட்டியலைத் திணித்துவிட்டார்களே என்று எனக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

பட்டியலில் முதல் பெயர் சேசுராஜ், நாயக் ரேங்க். ஏலப்பாறைப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் வீடு. கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் பொருத்த பூனா ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. வரும் திங்கட்கிழமைக்குள் போகாவிட்டால் அவர் இடம் வேறொருவருக்குப் போய்விடும். இன்னும் தள்ளிப்போட்டால் தொடைச் சதை சூம்பி, கால் மாட்டினாலும் நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை காலை ஐந்தரைக்கு முதலமடை வீட்டிலிருந்து கிளம்பினேன். பொள்ளாச்சியில் பஸ் மாறி, பழனி, திண்டுக்கல் வழியாகத் தேனி போகவே மாலை நாலாகிவிட்டது. அங்கிருந்து குமுளி அறுபது கிலோமீட்டர். இரவு குமுளியில் தங்கி, காலையில் யூனிஃபார்மை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டேன். பிடிக்காத வேலையானாலும் மிடுக்குக் குறையக்கூடாது என்கிற வீம்பு.

ஒன்பது மணி பஸ். குட்டிக்கானம் வழியாக ஏலப்பாறை ஐம்பத்திரண்டு கிலோமீட்டர், டிக்கெட் இரண்டு ரூபாய் பத்து பைசா. கண்டக்டர் என் தோள் நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எந்த வீட்டுல சார் துக்கம்?"

"துக்கமெல்லாம் இல்லீங்க" என்றேன் எரிச்சலோடு. யூனிஃபார்மில் ஆள் வந்தால் சாவுச் செய்தி என்று நினைக்கிற ஊருக்கு அதை மாட்டிக்கொண்டு போகக்கூடாது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இறங்கி மூன்று கிலோமீட்டர் மண்பாதையில் நடந்து, பன்னிரண்டே காலுக்கு லயத்தைக் கண்டுபிடித்தேன். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை அங்கே லயம் என்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கொழுந்துக் காட்டிலிருந்து வந்திருந்த சேசுராஜின் மனைவி மரியபுஷ்பம் கதவைத் திறந்தார்.

"உள்ள வாங்கண்ணே. ஏங்க, பட்டாளத்துல இருந்து வந்திருக்காக."

கட்டிலில் உட்கார்ந்திருந்த சேசுராஜ் என்னைப் பார்த்தார். பார்த்த அதே நொடியில், இரண்டு காலும் இருப்பவர் போல் துள்ளி எழுந்து சல்யூட் அடித்தார். அப்படியே முன்பக்கமாகச் சாய்ந்தார்.

நான் ஒரு எட்டு வைத்திருந்தால் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. பதினெட்டு வருடப் பழக்கம், என் கை தானாக உயர்ந்து பதில் சல்யூட்டில் நின்றது. அவர் சிமெண்ட் தரையில் விழும்போது நான் விறைப்பாக நின்றுகொண்டிருந்தேன்.

"புடிங்கண்ணே! கைய அங்க வச்சுக்கிட்டு என்ன பண்ணுறீக!" என்று மரியபுஷ்பம் கத்தினார்.

கால் வெட்டிய இடத்தில் ரத்தம் கசிந்தது. இருவருமாகத் துடைத்துக் கட்டினோம். அந்த வெட்கம் இன்றைக்கும் எனக்குப் போகவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். மரியபுஷ்பம் பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார்.

"ஏனப்பா பூனாவுக்கு வரமாட்டேங்கற?"

"கால் மாட்டிட்டா பேரை வெட்டிருவாங்க சாப். இப்ப லீவுலதான இருக்கேன்? பட்டாலியன்ல இன்னும் எம்பேரு இருக்குல்ல?"

மறுபடியும் பட்டாலியனுக்கே போகலாம் என்று ஒரு பொய் சொன்னால் கிளம்பிவிடுவார். நாக்கு நுனி வரை வந்தது. விழுந்தவரிடம் அதையும் செய்ய மனசு வரவில்லை.

"வெட்டிருவாங்கப்பா. மாட்டுனாலும் வெட்டுவாங்க, மாட்டாட்டியும் வெட்டுவாங்க. என்ற பட்டாலியன்ல எம்பேரு இப்பவே இல்ல."

அதை நான் முதல்தடவையாக வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். சேசுராஜ் சாயா டம்ளரைக் கீழே வைத்தார்.

"சாபுக்கு இனிமே இதுதான் வேலையா?"

"இதுதான். இன்னும் முப்பத்தோரு பேரு இருக்காங்க."

"அவங்களும் இப்படித்தான் உக்காந்திருப்பாங்களோ?"

"இருப்பாங்கப்பா."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "பெட்டிய எடு புஷ்பம். இவருக்கு வேலை நெறையக் கிடக்கு."

மறுநாள் காலை ஆறு நாற்பதுக்குக் கோட்டயம் பஸ். நான் வேட்டி சட்டையில் இருந்தேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஞாயிறு இரவே பூனா போய்ச் சேர்ந்தோம். அடுத்த ஆறு வருடம் அந்த வேலையை நான் வெறுக்கவில்லை.

போகிறவர்களுக்கு: குமுளியிலிருந்து காலை பஸ்ஸே நல்லது, மதியத்துக்கு மேல் மூடுபனியில் வண்டி ஊர்ந்துதான் போகும். டிசம்பரில் ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். காயம்பட்டு வந்த சிப்பாயின் வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் இன்னொன்றும் சொல்கிறேன். வாசலில் நின்று பேசாதீர்கள். நேரே உள்ளே போய் உட்கார்ந்துவிடுங்கள், அவர் எழுந்து நிற்கப் பார்ப்பதற்குள்.