பச்சை பிரிந்த நாள்

அப்பாவுக்கு விஸ்வநத்தத்தில் பட்டாசு மருந்து கலக்கும் வேலை. எனக்குக் கல்லூரி ஆய்வகத்தில் கலந்ததைப் பிரிக்கும் வேலை. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், நான் என்ன படிக்கிறேன் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பல நாள் எனக்கே விளங்கவில்லை.

இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி. அதில் உப்புநீர் ஓடும். மிட்டாய்க்குப் போடும் பச்சைக் கலரை அதில் ஊசிமுனை அளவு விட்டு, இரண்டு ஓரங்களிலும் கம்பி வைத்து மின்சாரம் கொடுத்தால், பச்சைக்குள் இருக்கும் மஞ்சளும் நீலமும் ஓடிக்கொண்டே தனித்தனிக் கோடாக விலக வேண்டும். விலகினால்தானே! ஓரக் கம்பிகளில் கிளம்பும் குமிழிகள் நடுவே வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். எரிச்சலில் சோறு இறங்காது. இந்த மாதமும் பிரியாவிட்டால் ஆய்வை நிறுத்திவிடலாம் என்று என் பேராசிரியர் சொல்லிவிட்டார். நிறுத்தினால் வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பார்கள்.

கடைசியில், கண்ணாடியில் கம்பி இருக்கும் ஓரங்களை மட்டும் அமிலம் விட்டு ஆழமாக அரித்தேன். அங்கே தண்ணீர் வேகமாக ஓடிக் குமிழிகளை அடித்துக்கொண்டு போய்விடும் என்பது என் கணக்கு.

அன்று காலை தரையில் தண்ணீர் தெளித்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, பயபக்தியோடு சுவிட்சில் கை வைக்கப் போனேன். உள்ளே வந்த பேராசிரியர் மெயினை அணைத்துவிட்டுக் கத்தினார்.

“ஏம்மா, ஈரத்தரையில வெறுங்காலோட கரண்டைத் தொடுற! சாகணுமா? லேப் சாவியைக் குடு!”

“எங்கப்பா கம்பெனியில அப்படித்தான் சார் மருந்து கலக்குவாக.” பட்டாசு ஷெட்டில், உராய்வில் உடம்பில் ஏறும் மின்சாரம் ஈரத்தரையில் இறங்கிவிட வேண்டும். ஒரு பொறி பறந்தால் ஷெட்டே போய்விடும். அங்கே உயிரைக் காப்பதுதான் இங்கே எமன் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

சாவிக்கு நீட்டிய கையை அவர் மடக்கிக்கொண்டார். பிறகு தானே தரையைத் துடைத்து ரப்பர் பாயை விரித்தார்.

“செருப்பைப் போட்டுட்டு வா. ஓட்டிப் பாப்போம்.”

குமிழிகள் ஓரத்தோடு ஓடிப் போயின. பச்சைக் கோடு மெல்லப் பிளந்தது. மஞ்சள் அதிகம் விலகியது, நீலம் கொஞ்சம். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. தட்டியது அவர்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். தேய்த்துக் குளித்தும் போகாத அலுமினியப் பொடி நகக்கண்ணில் மின்ன, சோற்றில் கை வைக்காமல் கேட்டார்.

“பிரிச்சு வச்சிட்டா அது வெடிக்காதுல்ல தாயி?”

“வெடிக்காதுப்பா.”

“அப்ப நீ அதையே பாரு. மாப்பிள்ளையைப் பெறகு பாப்போம்.”