காலடி மண்

தொலைக்காட்சியில் நான் பல வருடங்களாகப் பின்தொடர்ந்த ஸ்பெயின் நாட்டு உதைபந்தாட்ட முன்கள வீரர் ஒருவர் அண்மையில் ஓய்வு பெற்றார். அவருடைய கோல்களை மனதிற்குள் எண்ணிக்கொண்டே வந்தவன் நான். பத்திரிகை சொன்ன தொகைக்கும் என் தொகைக்கும் இரண்டு கோல் வித்தியாசம். அந்த இரண்டையும் எங்கே தவறவிட்டேன் என்று இன்னும் யோசிக்கிறேன். கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்ற எனக்கு எண்ணுவது ஒரு நோய் மாதிரி. ஆலயத்தில் பிரசங்கம் நடக்கும்போது கூரைச் சலாகைகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

அந்த ஆட்டங்களை என்னோடு இருந்து பார்த்தவன் குருநகர்க்காரன் ஒருவன். கடலுக்குப் போய் வந்து, தன் மீனைத் தானே சைக்கிளில் விற்பவன். எங்கள் வீட்டோடு விற்பனை முடியும். பிறகு கால் கழுவிவிட்டு மறுஒளிபரப்புக்கு முன்னால் உட்காருவான். அவனும் தன் ஊர்க் கழகத்தின் முன்கள வீரன்தான். அந்த ஸ்பெயின்காரரைப் போலவே அதிகம் ஓடமாட்டான்; தடுப்பவனின் முதுகுக்குப் பின்னால் மறைந்து நின்று, ஒரே தொடுகையில் அடிப்பான்.

"கொஞ்சம் ஓடினால் என்னடா?" என்று கேட்டால், "ஓடுறதுக்கு ஆக்கள் இருக்கினம் சேர். நான் நிண்டு அடிக்கிறவன்" என்பான்.

ஸ்பெயின்காரர் அழுதுகொண்டு விடைபெற்றதைப் பார்த்து அவனும் கண்ணைத் துடைத்தான்.

"அழுறியே?"

"இல்லை சேர், மீன் கை. எரியுது."

"உனக்கும் அவரின்ரை வயதுதான்."

"அப்ப நானும் விடோணுமோ?"

"உனக்குத் தொண்ணூற்றொன்பது கோல். நூறு அடிச்சுப்போட்டு விடு."

அவன் திடுக்கிட்டுப் படலைப் பக்கம் பார்த்தான். "ஐயோ சேர், எண்ணிச் சொல்லாதேங்கோ. என்ரை மனுசி கேட்டாவெண்டால் உங்களுக்கு இனி மீன் இல்லை."

அவர்கள் வீட்டில் பிள்ளைகளை எண்ணிச் சொல்வதில்லை. கரைக்கு வராத மீனையும் எண்ணுவதில்லை. எண்ணினால், கண்ணூறு மாதிரி, சொன்னவரின் நாவூறு படுமாம். மிஷன் பள்ளியில் படித்த நான் சிரித்தேன்.

கோயில் திருநாளை ஒட்டிய இறுதி ஆட்டத்துக்குப் போனேன். அவன் மனைவிக்குப் பக்கத்தில்தான் எனக்குக் கதிரை கிடைத்தது. இரண்டாவது பாதியில் அவன் தடுப்பவனிடமிருந்து நழுவித் தனியே நின்றான். நான் எழுந்துவிட்டேன்.

"தொண்ணூற்றொன்பது! இன்னும் ஒண்டு!"

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். பந்து வந்தது. அவன் துள்ளினான்; தலைக்கு எட்டவில்லை. இறங்கும்போது கால் கோணலாக ஊன்றியது. பிறகு அவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

முழங்கால் சவ்வு கிழிந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு வள்ளத்தில் ஏறக்கூடாது என்றார் டாக்குத்தர். அதற்குப் பிறகும் ஏறுவானா என்பதை அவர் சொல்லவில்லை. காய்ந்த தரை, தேய்ந்த சப்பாத்து, வயது என்று எனக்கு நானே காரணங்கள் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொன்றும் சரியான காரணந்தான். ஆனாலும் சாப்பிட உட்கார்ந்தால் என் சத்தம் எனக்கே கேட்டது.

தோடம்பழம் வாங்கிக்கொண்டு அவனைப் பார்க்கப் போனேன். கட்டிலில் கிடந்தவன் என்னைக் கண்டதும் சிரித்தான்.

"ஸ்பெயின்காரருக்கெண்டால் பிளேன் அனுப்பியிருப்பாங்கள் சேர். எனக்கு ஓட்டோதான்."

"அவருக்கும் முழங்கால் போனதுதானே. ரெண்டு தரம் போய், ரெண்டு தரமும்..." அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"எண்ணுங்கோ சேர், இனி என்ன பயம்!"

அவன் மனைவி சிரிக்கவில்லை. தேநீர் தந்தாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

மழை விட்டிருந்ததால், தெருமுனை வரை போன பிறகுதான் குடையை விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பினேன். அவள் முற்றத்தில் குனிந்து, நான் நடந்த இடத்து மண்ணைச் சிரட்டையில் அள்ளிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிரட்டையைப் பின்னால் மறைத்தாள்.

"சும்மா சேர்... முத்தம் கூட்டிறன்."

கையில் விளக்குமாறு இல்லை. எனக்கு விளங்கியது. யாருடைய நாக்கு என்று சந்தேகமோ, அவருடைய காலடி மண்ணை எடுத்து, செத்தல் மிளகாய், உப்போடு சேர்த்து, பட்டவரின் தலையைச் சுற்றி அடுப்பில் போடுவார்கள். இதை வகுப்பில் பகிடி பண்ணியிருக்கிறேன். இப்போது கோபம் வரவில்லை. செருப்போடு அல்லவா நடந்தேன், அந்த மண் சரிவருமா என்ற கவலைதான் வந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு ஈரமண்ணில் இறங்கினேன்.

"என்ன சேர் செய்யிறியள்? முள்ளுக் குத்தும்."

"பரவாயில்லை பிள்ளை." காலை ஊன்றி எடுத்தேன். ஐந்து விரலும் பதிந்திருந்தது. "இவ்வளவு காணுமோ?"

உள்ளேயிருந்து அவன் கூப்பிட்டான். "ஆரது? சேர் இன்னும் போகேல்லையே?"

"குடையை விட்டிட்டன்" என்றேன்.

அவள் மறைத்த சிரட்டையை முன்னால் எடுத்தாள். என் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாள்.

"இன்னும் ஒண்டு வையுங்கோ சேர்."

வைத்தேன்.