க்ளியோஃபஸ் ரெய்னிக்கு வேண்டாத புகையடுப்பு

அந்தக் கோடையில் ஊரே சேர்ந்துகொண்டு க்ளியோஃபஸ் ரெய்னியை ஒரு புகையடுப்பு வாங்க வைக்கப் பார்த்தது. எதற்காக இந்தத் திடீர் அக்கறை என்பதுதான் மனிதருக்குப் பிடிபடவில்லை.

மகள் லட்ரிஸ் மெம்ஃபிஸிலிருந்து போனில் படம் படமாக அனுப்பினாள். இடுப்பு உயரத்துக்குக் கறுப்பாக ஒரு பீப்பாய். அடியில் கரி, நடுவில் தண்ணீர்ச் சட்டி, மேலே இரண்டு அடுக்குக் கம்பி. "டாடி, காலையில கரியைப் பத்த வெச்சு மூடிட்டு நீங்க போய்ப் படுத்துக்கலாம். பத்து மணி நேரம் கறி அதுபாட்டுக்குப் புகையில வேகும்" என்றாள். சர்ச்சில் டீக்கன் ஹோலிஸ் தோளில் கை போட்டு, "பிரதர் ரெய்னி, என் மச்சான் ஒண்ணு வாங்கியிருக்கான். என்ன சுத்தமான புகை தெரியுமா!" என்றார். கடைசியில் மனைவி எர்லீனே ஆரம்பித்துவிட்டாள். "ஆகஸ்ட் சர்ச் கூட்டத்துக்குள்ள வாங்கிடலாமே, க்ளியோ." ஃப்ரிட்ஜின் கைப்பிடி உடைந்தபோது டேப் சுற்றி ஆறு வருஷம் ஓட்டியவள் அவள்!

"தீகிட்ட உக்கார முடியாதவனுக்குத்தான் அதெல்லாம். எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டார் க்ளியோ.

சொல்லக்கூடிய ஆள்தான். காகித ஆலையின் பாய்லர் அறையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். ஆர்கன்சாவின் அந்தச் சின்ன ஊரில் கல்யாணமோ, ஞானஸ்நானமோ, அடக்கம் முடிந்து சாப்பிடுகிற சாப்பாடோ, பன்றித் தோள்கறி என்றால் அது க்ளியோ ரெய்னி கைப்பட வெந்ததுதான். அதற்கு அவரிடம் இருந்ததோ மூடி போட்ட ஒரு பழைய உருண்டை அடுப்பு. கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் கறியை வைத்து, புகைக்கு ஹிக்கரி மரத்துண்டு இரண்டைத் தீயில் போட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார். தெர்மாமீட்டர் கிடையாது. முற்றத்தின் அந்தக் கோடியில் இருந்தாலும் புகை கசப்பேறுவது மூக்குக்குத் தெரிந்துவிடும். ஓடிவந்து அடுப்பின் காற்றுத் துவாரத்தைத் திறந்துவிடுவார்.

அந்த மூக்குதான் பிப்ரவரியில் போய்விட்டது. நிமோனியா வந்து பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாயோடு கிடந்தார். பிழைக்க மாட்டார் என்று பாஸ்டர் வந்து ஜெபம்கூடச் செய்துவிட்டுப் போனார். பிழைத்து வந்தார். ஆனால் வீட்டுக்கு வந்து எர்லீன் வறுத்த பன்றி இறைச்சியை வாயில் போட்டபோது, அட்டையை மென்ற மாதிரி இருந்தது. வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்தார். வரவே இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? தெரிந்தால் இடுக்கியை வாங்கி வேறு ஒருத்தன் கையில் கொடுத்துவிடுவார்கள். மரியாதையாகத்தான் கொடுப்பார்கள், அது வேறு. மர நிழலில் ஒரு நாற்காலி, கையில் ஒரு டம்ளர் ஐஸ் டீ, "நீங்க உக்காருங்க பிரதர்" என்று ஒரு சிரிப்பு.

ஜூன் பத்தொன்பது, அடிமைகள் விடுதலையான நாளின் விருந்துக்கு அவரே சமைத்தார். எல்லாரும் ஆஹா ஓஹோ என்றார்கள். அப்பாடா, மூக்கு இல்லாமலும் கை வேலை செய்கிறது என்று நம்பிவிட்டார். ஆகஸ்டில் வெளியூர் சொந்தமெல்லாம் வந்து கூடும் சர்ச் ஞாயிறுக்கும் அதே பழைய அடுப்பில் நான்கு தோள்கறி வைத்தார். புகை ஏறுகிறதா இல்லையா என்று மூக்கு சொல்லாததால், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கட்டை போட்டார். அப்புறமும் மனசு கேட்கவில்லை. இன்னும் ஒன்று. கட்டைகள் எரிந்து தீர்ந்துவிடக் கூடாதென்று துவாரத்தையும் பாதி மூடினார். நாற்பது வருஷம் தீயோடு வாழ்ந்தவர் செய்கிற காரியமா அது? பயம் செய்ய வைத்தது.

அன்றைக்கும் எல்லாரும் புகழ்ந்தார்கள். எர்லீன் இரண்டாவது தட்டும் வாங்கிச் சாப்பிட்டாள். வழக்கம்போலப் பெண்கள் மிச்சத்தைத் தட்டுத் தட்டாக ஃபாயிலில் சுற்றி வீட்டுக்கென்று எடுத்துப் போனார்கள். ஒரு துண்டு மிஞ்சவில்லை. க்ளியோ அன்று நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் தன் பெரிய தட்டுகளை எடுத்துவர சர்ச்சுக்குப் போனார். பின்பக்கம் குப்பைத் தொட்டியைத் தெருநாய் ஒன்று இழுத்துக் கவிழ்த்திருந்தது. தரையில் ஃபாயில் பொட்டலங்கள். எண்ணிப் பார்த்தார், பதினொன்று. ஏழு பிரிக்கப்படவே இல்லை. பிரிந்தவற்றில் உருளைக்கிழங்கு சாலட்டை நாய் வழித்து நக்கியிருந்தது. கறியைக் கடித்துத் துப்பியிருந்தது.

குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தொட்டியில் திரும்பப் போட்டார். யாரும் பார்த்துவிடக் கூடாதே என்றுதான் அப்போதும் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது எர்லீன் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கறி எப்படி இருந்துச்சு, எர்லீன்?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"சர்ச் குப்பையைப் பாத்துட்டு வரேன். பொய் சொல்லாதே."

அவள் கை நின்றது. "கசந்துச்சு. தார் மாதிரி. ஜூன்லயும் அப்படித்தான்."

"ஊருக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அதான் புது அடுப்பு! அதான் ஆளாளுக்கு வந்து உபதேசம்! எனக்குத் தெரியாம நான் திருந்தணும்னு. ஒருத்தராவது மூஞ்சிக்கு நேரா சொல்லக் கூடாதா? நாப்பத்திரண்டு வருஷம் கூடக் குடித்தனம் பண்றவ, நீகூடவா!"

"நீ மட்டும் என்ன சொன்னே?" எர்லீனுக்கும் கோபம் வந்துவிட்டது. "மூக்கு போனதை எங்கிட்டச் சொன்னியா? மார்ச்சுல பால் திரிஞ்சு வீடே நாறுது, நீ அதை ஊத்திக் குடிக்கிறே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

க்ளியோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அப்புறம் ஏன் ரெண்டாவது தட்டும் வாங்கிச் சாப்பிட்டே?" என்று கேட்டார்.

"பிப்ரவரியில உன்னைப் புதைக்க கோட்டு எடுத்து வெச்சவ நான், க்ளியோ. நீ எழுந்து வந்து சமைக்கிறே. கரிக்கட்டையையே தட்டுல வெச்சிருந்தாலும் தின்னிருப்பேன்."

பெரிய மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார். அவள் எழுந்து வந்து, ஈரக்கையோடு அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று, தன் மூக்கு போன கதையைச் சபை முன்னால் சொன்னார். "ரெண்டு தடவை உங்களுக்குக் கெட்ட கறி போட்டேன். கர்த்தர் வீட்டுலயே நீங்களும் பொய் சொன்னீங்க" என்றார். டீக்கன் ஹோலிஸ் தலையைக் குனிந்துகொண்டு, "ரொம்ப மோசமா இருந்துச்சு, பிரதர்" என்றார். அங்கங்கே சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

செப்டம்பரில் எர்லீன் மறுபடி கேட்டாள். "இப்போ வாங்கிடலாம்ல? அது ஒரே சீரா எரியுமாம். மூடிட்டு வந்துடலாம், நீ பக்கத்துல இருக்கவே வேண்டாம்."

"அதுக்குத்தான் வேண்டாங்கிறேன்" என்றார் க்ளியோ. "எனக்கு வேண்டியது அடுப்பு இல்லை. மூக்கு. உன்னோடதைக் கொஞ்சம் கடன் கொடு."

சனிக்கிழமை காலை பழைய அடுப்பை மூட்டினார். எர்லீன் முழங்கால் வலியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரே ஒரு தோள்கறி, இரண்டே கட்டை. அரைமணி ஆனது.

"க்ளியோ, கசக்குது. தொறந்து விடு."

தீயருகே அதுவரை ஒருத்தரும் அவருக்கு உத்தரவு போட்டதில்லை. மறுபேச்சில்லாமல் எழுந்து துவாரத்தைத் திறந்தார்.

"இப்போ?"

"இரு." அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். திரும்ப இழுத்தாள்.

"சொல்லேன், எர்லீன்."

"வருது" என்றாள் அவள். "நீ வேலை முடிஞ்சு வந்து சமைக்கிற சனிக்கிழமையெல்லாம் உன் சட்டையில வருமே, அந்த வாசனை. ஆஸ்பத்திரியிலேர்ந்து உன்னைக் கூட்டிட்டு வந்ததுக்கப்புறம் இன்னைக்குத்தான் வருது."