மத்தியானத்தில் பார்த்த காலைக் கோளாறு

1. பெட்டரி

இலங்கை மலையகத்தில், பெரகல சந்திக்குக் கொஞ்சம் கீழே முப்பது வருடம் கராஜ் வைத்திருந்தேன். டீசல் என்ஜின்தான் என் வேலை. நான் சரியாகச் செய்த வேலைகளைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். இது நான் பிழையாகச் செய்த வேலை. புதிதாக ஸ்பேனர் பிடிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

யோகராஜா ஹப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். சொந்தமாக ஒரு பழைய டீசல் வேன். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் யாருக்காவது சுகமில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போவதும் அந்த வேன்தான். மார்கழி பிறந்து பனி இறங்கியதும் என்னிடம் வந்தார்.

"பாஸ், காலையில ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. நல்லாத்தான் சுத்துது, ஆனா பத்துறதில்ல. வெள்ள வெள்ளயா புகை வருது. கால் மணித்தியாலம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கு."

"இப்ப எப்பிடி வந்தீங்க?"

"ஒருக்கா சூடாயிட்டா ஒண்ணுமில்ல பாஸ். சாவியத் தொட்டாலே ஸ்டார்ட்."

அப்போது நேரம் பன்னிரண்டு. மேலே இருந்து பத்து மைல் ஓடி வந்த என்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பினேன், உடனே பிடித்தது. ஹீட்டர் பிளக்கைத்தான் முதலில் சந்தேகித்தேன். டீசல் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளக் இருக்கும். குளிரில் உள்ளே சூடாக்கிக் கொடுப்பது அதுதான். நாலு பிளக்குக்கும் கரண்ட் கொண்டுபோகும் தகட்டில் டெஸ்ட் லேம்பை வைத்தேன். லேம்ப் எரிந்தது.

"ஹீட்டருக்குக் கரண்ட் வருது. அது ஓகே" என்றேன்.

அது ஓகே இல்லை. தகட்டுக்குக் கரண்ட் வருகிறது என்பது மட்டும்தான் அந்த லேம்ப் சொன்ன சேதி. பிளக் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, தகட்டைக் கழற்றி ஒவ்வொன்றாகத் தனியே பார்க்க வேண்டும். அந்த வேனில் அதற்கு முன்னால் காற்றுப் பைப்பைக் கழற்ற வேண்டும். முக்கால் மணித்தியால வேலை. வெளியே மூன்று வண்டிகள் காத்து நின்றன. பெட்டரியைப் பார்த்தேன், பழசு. புது பெட்டரி போட்டு அனுப்பினேன்.

"வெள்ளப் புகை பாஸ்?" என்று ஏறும்போதும் கேட்டார்.

"பனிக்கு அப்பிடித்தான் இருக்கும்" என்றேன்.

2. தை மாதம்

புது பெட்டரி வேகமாகச் சுற்றியதால் சில நாள் வேன் எப்படியோ ஸ்டார்ட் ஆனது. யோகராஜாவும் சரியாகிவிட்டது என்று நம்பினார். தை பிறந்து குளிர் கூடியது.

அவருடைய மனைவி புஷ்பத்துக்கு வீசிங் இருந்தது. கொழுந்து எடுக்கப் போகிறவர். ஒருநாள் விடியற்காலையில் மூச்சு அடைத்தது. அவரைத் தூக்கி வேனில் படுக்க வைத்துவிட்டு யோகராஜா சாவியைத் திருப்பினார். என்ஜின் சுற்றியது, பற்றவில்லை. திரும்பத் திரும்பச் சுற்றினார். அது ஓட்டோ கியர் வேன், தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. லயத்து ஆட்கள் கம்பளியில் வைத்து மெயின் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மிஸ்ட்டுக்குள் ஒரு த்ரீவீல் கிடைக்க அரை மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் புஷ்பம் இறந்துபோனார்.

கராஜில் டீ குடிக்க வந்த பஸ் டிரைவர் ஒருவர்தான் இதைச் சொன்னார். கேட்டதும் எனக்கு அந்த வெள்ளைப் புகைதான் ஞாபகம் வந்தது. செத்த வீட்டுக்குப் போனேன். யோகராஜா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டீங்களா பாஸ்" என்று மட்டும் சொன்னார். 

3. மூன்று பிளக்

கருமாதி முடிந்ததும் வேனைக் கீழே கொண்டுவரப் போவதாகப் போன் செய்தார்.

"கொண்டுவராதீங்க. ராத்திரி அங்கயே நிக்கட்டும். காலையில யாரும் சாவியத் தொடாதீங்க. நான் வாறேன்."

காலை ஐந்தரைக்கு நாலு புது பிளக்கோடு பைக்கில் போய்ச் சேர்ந்தேன். பானட்டில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு குளிர். யோகராஜா சாவியைத் திருப்பினார். அவர் சொன்னபடியேதான் இருந்தது. நன்றாகச் சுற்றியது, பற்றவில்லை, பின்னால் வெள்ளைப் புகை. எரியாத டீசலின் நாற்றம் மூக்கில் அடித்தது.

பைப்பைக் கழற்றினேன். தகட்டைக் கழற்றினேன். டெஸ்ட் லேம்பின் கிளிப்பைப் பெட்டரி பிளஸ்ஸில் மாட்டி, ஊசியை ஒவ்வொரு பிளக்கிலும் வைத்தேன். பிளக் நல்லதென்றால் லேம்ப் எரியும். முதலாவது எரியவில்லை. இரண்டாவதும் எரியவில்லை. மூன்றாவது எரிந்தது. நாலாவது எரியவில்லை. கழற்றிப் பார்த்தால் ஒன்றுக்கு நுனியே இல்லை, மற்ற இரண்டும் கரி பிடித்து வெடித்திருந்தன. டோர்ச் பிடித்துக்கொண்டு நின்ற யோகராஜா ஒரு பிளக்கைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இது எப்ப போயிருக்கும் பாஸ்?"

போன வாரம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை.

"ரொம்ப நாளாச்சு. நீங்க மார்கழியில வந்தப்பவே போயிருக்கு."

"அன்னைக்குக் கழட்டியிருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும். நான் கழட்டல."

 நான் நாலு புது பிளக்கையும் போட்டு முடுக்கி, தகட்டையும் பைப்பையும் மாட்டினேன். ஒரு நட்டை இரண்டு தடவை கீழே போட்டேன். அவர் ஏறி உட்கார்ந்து, டேஷ்போர்டில் ஹீட்டர் பல்ப் அணையும்வரை இருந்து, சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே பிடித்தது. நிறுத்தினார். மறுபடி திருப்பினார், உடனே பிடித்தது. நிறுத்தினார். இப்படியே நாலைந்து தடவை. பிறகு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதார். நான் ஸ்பேனர்களைப் பொறுக்கிக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்தார். "புள்ளைங்க ரோட்டுல நிக்கும்" என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு என் கராஜுக்கு அவர் வரவே இல்லை. என்னைப் பற்றி வெளியே ஒரு வார்த்தை சொன்னதாகவும் நான் கேள்விப்படவில்லை.

வேன் ஸ்டார்ட் ஆகியிருந்தால் புஷ்பம் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கத் தைரியம் வரவில்லை.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். குளிரில் வரும் கோளாறைச் சூடான என்ஜினில் தேடாதீர்கள். ஒரு ராத்திரி வண்டியை நிறுத்திவைத்து, காலையில் போய்ப் பாருங்கள். தகட்டில் லேம்ப் எரிகிறது என்று விட்டுவிடாமல் நாலு பிளக்கையும் தனித்தனியே பாருங்கள். வண்டிக்காரர் ஒரே விஷயத்தை இரண்டாம் தடவை சொன்னால், கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.