கம்பாலாவில் வந்த கண்ணீர்

பிரியமானவர்களே, உருக்கமாகப் பேச எனக்கு வராது. கர்த்தர் செய்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் மகன் பிறந்த அன்றே இறந்துபோனான். நானும் என் கணவரும் ராஸ் அல் கைமாவில் ஒரே டைல்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். லீவு முடிந்ததும் டியூட்டிக்குப் போனேன். சமைத்தேன், சாப்பிட்டேன். அழுகை மட்டும் வரவில்லை. ஊசி போட்ட ஈறு மாதிரி மனசு மரத்துக் கிடந்தது. ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் அசையும், உள்ளே ஒன்றும் இருக்காது. பெற்ற பிள்ளைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத நான் தாய்தானா என்று பயந்தேன். கடைசியில் ஜெபிப்பதையே விட்டுவிட்டேன்.

உகாண்டாவில் உள்ள கம்பாலாவுக்குச் சபை போகும் ஊழியப் பயணத்துக்கு இருவரும் முன்பே பெயர் கொடுத்திருந்தோம். அவருக்கு லீவு கிடைக்கவில்லை.

"நீ மட்டும் போயிட்டு வா. இங்க இருந்து செவுத்தப் பாத்துட்டு என்ன செய்யப்போற?" என்றார்.

போனேன். அங்கே பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தேன். "சிஸ்டருக்கு எவ்வளவு தைரியம்" என்றார்கள் கூட வந்தவர்கள். மரக்கட்டைக்கு என்ன தைரியம்.

வளைகுடாவில் நம் ஆராதனை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒரே ஹாலில் மலையாளிகள் முடித்தால் நாம், நாம் முடித்தால் பிலிப்பினோக்கள். அழுது ஜெபிக்கிறவர்கள்கூட கடிகாரத்தைப் பார்த்துத்தான் அழுவோம். அந்தப் பழக்கத்தோடு, கம்பாலா சபையில் கிரேஸ் என்ற அக்காவின் முழங்கால் வலிக்காக மளமளவென்று ஜெபித்து ஆமென் சொல்லி எழுந்தேன்.

அவர் என் கையை விடவில்லை. "வெளியே யாராவது காத்திருக்கிறார்களா?" என்று கேட்டார்.

யாரும் இல்லை. மறுபடி உட்கார்ந்தேன். அவர் என் கையைப் பிடித்தபடியே இருந்தார். வெகுநேரம் கழித்து, எனக்குப் பிள்ளைகள் உண்டா என்றார். இதற்கு எப்போதும் "இல்லை" என்றுதான் சொல்வேன், அதோடு பேச்சு முடியும். அன்று, "ஒரு பையன் இருந்தான்" என்றேன். சொன்னதும் உடைந்துவிட்டேன். பிள்ளை பெற்றபோது கூட அப்படிக் கத்தவில்லை. அக்கா என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் கணவருக்குப் போன் போட்டேன். "அத்தான், நான் அழுதுட்டேன்" என்றேன்.

அவர் சொன்னார்: "வேற எதுவுமே நான் கேக்கல புள்ள. இவள அழ வையும் ஆண்டவரேன்னுதான் தெனமும் கேட்டேன்."

இப்போதும் சில நாட்களில் மனசு மரத்துத்தான் போகிறது. ஆனால் இப்போது இருவரும் சேர்ந்து உட்கார்ந்து மகனைப் பற்றிப் பேசுகிறோம். கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன்.

உங்களில் யாருக்காவது ஜெபம் வரவில்லை என்றால் கலங்காதீர்கள், அவரை நம்புங்கள். நான் வாயை மூடியிருந்த நாட்களில் அவர் என் கணவரின் ஜெபத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.